படகில் ஒரு பெட்டி

கொடைக்கானல் ஏரியைக் காண்பவருக்கு அது அபாயமான நீர்நிலையென்று தோன்றாது. 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் அணையிட்டு உண்டாக்கிய எழில் மிக்க ஏரி அது. ஆயினும் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் மூடுபனி விரைவில் கரையை மறைத்துவிடும். குளிர்ந்த நீரோ நல்ல நீச்சல்காரனையும் சோர வைக்கும். அங்கே பிறரைக் காக்கப் புறப்படும் மோட்டார் படகே நடு ஏரியில் நின்றுவிட்டால் யாது பயன்?

மோட்டார் நிற்பது பல சமயம் அற்பக் காரணங்களால்தான்: நனைந்த ஸ்பார்க் பிளக், அறுந்த ஸ்டார்ட்டர் கயிறு, புரொப்பெல்லரில் பாசி சிக்கி முறிந்த சிற்றாணி. ஆகவே இவற்றுக்கு மாற்றும், ஸ்பானரும், பெட்ரோல் வடிகட்டியும் நீர் புகாத பெட்டியொன்றில் இருத்தல் வேண்டும். துடுப்பு, நங்கூரம், நீரிறைக்கும் வாளி, ஊதல், டார்ச், தீயணைப்புக் கருவி, முதலுதவி மருந்துகள் ஆகியனவும் இன்றியமையாதவை. உயிர்காப்புச் சட்டையோ பெட்டியிலன்று, உடலில் இருக்க வேண்டும்.

2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். காரணம் வேறாயினும் பாடம் ஒன்றே. துயரத்திற்குப் பின் விசாரணைக் கமிஷன் அமைப்பதினும், முன்னரே ஆயத்தமாயிருப்பது எளிது. சீசன் தொடங்குமுன் அதிகாரிகள் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டுமென வற்புறுத்துகிறோம். படகேறும் ஜனங்களும் அதைக் கேட்டறிவார்களாக!