மூக்கு ஒழுகும் முயல்

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் கம்பம்மெட்டில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அக்காலத்தில் ஏலத்தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து இப்பகுதிக்கு வருகிற கேள்விகளில் ஒன்று, "எங்கள் முயல் ஓயாமல் தும்முகிறது, என்ன செய்வது?" என்பது. மனிதர்க்கு வரும் ஜலதோஷத்தைப் போல நாலு நாளில் தானே போய்விடும் என்று எண்ணிப் பேசாதிருப்போரே அதிகம். முயலுக்கு வரும் சளி அவ்வாறு போவதில்லை. ஆதலால் இம்மாதம் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முயல் மூக்கினாலேயே சுவாசிக்கும் பிராணி. நமக்கு மூக்கடைத்தால் வாயைத் திறந்துகொள்கிறோம். முயலின் தொண்டை அமைப்பு அதற்கு எளிதில் இடந்தருவதில்லை. எனவே மூக்கடைப்பு அதற்குச் சிறு உபத்திரவமன்று. ஒரு முயல் தலையை மேலே உயர்த்தி வாயைத் திறந்து மூச்சிழுக்கிறது என்றால், அன்றே, அந்த மணியிலேயே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய நிலை என்று அறியவும். அமைதியாக இருக்கும் முயல் நிமிஷத்துக்கு 30 முதல் 60 தடவை வரை மூச்சுவிடும். விலாப்புறம் ஏறி இறங்குவதைக் கடிகாரத்தை வைத்து எண்ணிவிடலாம். குழந்தைகளே செய்யக்கூடிய வேலை.

நோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ள முன்னங்கால்களின் உட்புறத்தைப் பாருங்கள். முயல் தன் மூக்கைக் கால்களால் துடைத்துக்கொள்ளும் பழக்கமுடையது. மூக்கு சுத்தமாகத் தோன்றினாலும் அவ்விடத்து மயிர் ஒட்டிப்போய்ச் சடையாக இருந்தால், சளி ஒழுகுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. முதலில் தண்ணீர் போலிருப்பது பின்னர் வெண்மையாகக் கெட்டிப்படும். சில முயல்களுக்குக் கண்ணிலும் நீர் வடியும். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் நோய் காதுக்குள் ஏறியிருக்கக்கூடும்.

இதற்குப் பெரும்பாலும் காரணமாவது பாஸ்டுரெல்லா என்னும் கிருமி. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டரின் பெயரே அதற்கு இடப்பட்டிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆஸ்திரேலியாவில் முயல்கள் பெருகிப் பயிரை அழித்த காலத்தில், அவற்றை ஒழிக்க வழி சொல்வோர்க்கு 25,000 பவுன் பரிசு என்று 1887இல் நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் அறிவித்தது. கோழிக் காலராக் கிருமியைத் தீனியில் கலந்து வைத்தால் போதும் என்று பாஸ்டர் 1888இல் தம் ஆட்களைச் சிட்னிக்கு அனுப்பினார். கிருமியைத் தின்ற முயல்கள் மாண்டன. ஆனால் நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போதிய அளவு பரவவில்லை. பறவைகளுக்கும் ஆபத்து என்பதால் திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கோழிக் காலராக் கிருமியும் நம் வீட்டு முயலின் மூக்கிலிருப்பதும் ஒரே இனம்! ஆரோக்கியமாகத் தோன்றும் பல முயல்களின் மூக்கில் அது சும்மா இருக்கும். குளிர்காற்று, இட நெருக்கடி, ஜீப்பில் நெடும்பயணம், கூண்டின் மூத்திர நெடி ஆகியவற்றால் உடல் தளரும்போது தலைதூக்கும். வேறு சில கிருமிகளும் இதே குறிகளைக் காட்டும். பல்லின் வேர் கெட்டும் மூக்கும் கண்ணும் ஒழுகலாம். எதுவென்று பார்த்தறிவது வைத்தியரின் வேலை.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்புவதைச் சொல்கிறேன். தோட்டத்து லயம் ஒன்றில், பிள்ளையின் காய்ச்சலுக்கு வாங்கி மீந்திருந்த அமாக்ஸிஸிலின் மருந்தை முயலுக்கும் வாயில் ஊற்றினார்கள். அன்போடுதான் செய்தார்கள். தும்மல் சற்றே குறைந்தது, மூன்றாம் நாள் பேதி கண்டது, முயல் பிழைக்கவில்லை. அந்தப் பெண் குழந்தை ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

காரணம் இதுதான். முயலின் பெருங்குடல் தொடக்கத்தில் ஒரு பெரிய பை உண்டு. புல்லைச் செரிக்கவைக்கும் நல்ல கிருமிகள் அதில் வாழ்கின்றன. பெனிசிலின், அமாக்ஸிஸிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் போன்றவை வாய்வழியே உள்ளே சென்றால் அவை அழிந்துபோகும். அவ்விடத்தில் விஷம் சுரக்கும் கிருமிகள் பெருகும். முயலுக்கு வாந்தியெடுக்கவும் இயலாது. முயலுக்கு ஏற்ற மருந்துகள் வேறு உள்ளன. அவற்றின் அளவு எடைக்குத் தக்கபடி மாறும். ஊசியாக எதைப் போடலாம் என்பதும் வைத்தியருக்குத் தெரியும். அவர் சொன்ன நாள் முழுவதும் மருந்தைக் கொடுக்கவேண்டும். இரண்டு வாரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். மூக்குக் காய்ந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் நோய் திரும்ப வரும்.

வைத்தியரிடம் போகத் தயங்குவதற்குப் பாஷை ஒரு காரணம் என்கிறார்கள். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. முயல், தும்மல் இரண்டும் மலையாளத்திலும் அவையே. மூக்கு ஒழுகுவதை மூக்கொலிப்பு என்பார்கள். மூச்சுத் திணறலைச் சுவாசமுட்டு என்றால் விளங்கிக்கொள்வார்கள். மலையிறங்கிப் போகிறவர்களுக்குத் தேனியை அடுத்து 2020இல் தொடங்கிய அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஒரு நாள் கூலி போகுமே என்ற கவலை நியாயமானதுதான். ஆயினும், ஒரு பகலும் ஓர் இரவும் தீனி எடுக்காத முயலின் குடல் அசைவு நின்றுபோகும் என்பதை நினைவில் வைத்து, எந்த நாளை இழப்பது என்று முடிவு செய்யுங்கள்.

கொண்டுபோகும்போது துளையிட்ட அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து வையுங்கள். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை மார்பின் கீழும் மறு கை பின்புறத்தின் கீழும் இருக்கவேண்டும். துள்ளி உதைத்தால் அதன் முதுகெலும்பு முறிந்துவிடும்.

வீட்டுப் பராமரிப்பில் முதலாவது மூக்கைத் திறந்து வைப்பது. வெதுவெதுப்பான உப்புநீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, நாளுக்குப் பல தடவை மெல்லத் துடைத்து எடுக்கவும். கர்ப்பூரத் தைலங்களைத் தடவவேண்டாம். அதன் மூக்குக்கு அந்தக் காரம் தாங்காது. விறகடுப்புப் புகை சேரும் மூலையிலும் கூண்டை வைக்கலாகாது. காற்று நேரே அடிக்கும் பக்கத்தைச் சாக்கால் மறைத்து, மற்றப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். குளிருக்குப் பயந்து நாலுபக்கமும் மூடுகிறவர்கள் உண்டு. அப்போது மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா உள்ளேயே தங்கி மூச்சுக்குழலை அரிக்கும். கூண்டருகே நீங்கள் குனியும்போது உங்கள் கண் எரிந்தால், தரையோடு இருக்கும் முயலின் கதியை யோசித்துப் பாருங்கள். கம்பிவலைத் தளத்தின் கீழ் விழுவதை நாள்தோறும் அள்ளிவிடவேண்டும்.

மூக்கடைத்த முயலுக்கு மணம் தெரியாது; மணம் தெரியாவிட்டால் தின்னாது. ஆகையால் அது விரும்பும் தழையை ஈரத்தோடு வாயருகே நீட்டுங்கள். மிளகுக்கொடி படரவிட்ட கல்யாண முருங்கை, மலையாளத்தார் முரிக்கு என்பது, நல்ல தீனி. உலர்ந்த புல் எப்போதும் கிடைக்கட்டும். ஏலச்செடிகளுக்கு மருந்து தெளித்த இடத்துப் புல் மட்டும் கூடவே கூடாது. சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து எழுதிவைத்தால், முயல் தேறுகிறதா மெலிகிறதா என்பது தெரிந்துவிடும்.

தேறிய பின்னும் கிருமி மூக்கில் மிஞ்சியிருக்கக்கூடும். அப்படிப்பட்ட முயலை இனவிருத்திக்கு விடாதீர்கள். தாயிடமிருந்து குட்டிகளுக்கு ஒட்டும். நோயுற்றதற்குத் தனித் தண்ணீர்க் கிண்ணம், தனிக் கூண்டு வேண்டும். மற்றவற்றிற்குத் தீனி போட்ட பிறகே இதன் அருகில் செல்லுங்கள். சந்தையில் புதிதாக வாங்கி வருவதையும் ஒரு மாதம் ஒதுக்கி வைத்த பிறகே பழையவற்றோடு சேர்க்கலாம்.

தோட்டத்தில் களையெடுக்கும்போது அகப்படும் காட்டுமுயல் குட்டியை வீட்டில் வளர்க்கலாமா என்று ஒரு சிறுவன் கேட்டிருக்கிறான். தம்பி, அது வேறு ஜாதி. 1972ஆம் ஆண்டு வன உயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வைப்பது குற்றம். தாய் இரவில் வந்து பாலூட்டிவிட்டுப் போகும். எடுத்த இடத்திலேயே வைத்துவிடு.