ரேஷனில் கேழ்வரகு சரி... கம்பு எப்போது?

குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு இரும்புச்சத்து அவசியம். முதல் இரண்டு வயதில் ஏற்படும் குறையைப் பின்னர் முழுதாக ஈடுகட்டுவது கடினம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

100 கிராம் சாதாரண அரிசியில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அதனால்தான் ரேஷன் அரிசியைச் செறிவூட்டத் தொடங்கினார்கள். கம்பிலோ இயல்பாகவே சுமார் 6 மில்லிகிராம் உண்டு.

2023-ல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினர். நல்ல திட்டம். ஆனால் கேழ்வரகின் பலம் சுண்ணாம்புச்சத்து. இரும்புக்குக் கம்புதான் வேண்டும். கொள்முதல் உறுதி இல்லாமல் மானாவாரி விவசாயி கம்புக்குத் திரும்பமாட்டார். மக்காச்சோளத்தை வாங்கத்தான் கோழித்தீவன ஆலைகள் இருக்கின்றனவே!

கம்பு விதைப்பவர்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை ஒதுக்குங்கள். கூழோடு நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு உடலில் நன்கு சேரும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், அது தடுக்கும்.