ஏறுறது ஈஸி பாஸ்... இறங்குறதுதான் மேட்டர்!

செமஸ்டர் லீவு நெருங்கிட்டா போதும், ஹாஸ்டல் மொட்டை மாடியில மாநாடு ஆரம்பிச்சிடும். 'பைக்ல போலாம்டா'ன்னு ஒருத்தன். 'பெட்ரோலுக்கு யாருடா காசு தர்றது?'ன்னு இன்னொருத்தன். கடைசியில மூலையில இருந்து ஒரு குரல் வரும்... 'சைக்கிள்ல போனா என்ன?' உடனே மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரிக்கும்.

நான் ஃபைனல் இயர் படிச்சப்போ அந்த மூலைக் குரல் என்னோடது. சிரிச்சவங்கள்ல ஒருத்தன் மட்டும் சிரிச்சு முடிச்சிட்டு, 'சரி, நான் வரேன்'னான். என் ரூம்மேட். சைக்கிளை ரெயில்ல லக்கேஜா புக் பண்ணி, ஜோலார்பேட்டையில இறக்கி, பக்கத்துல இருக்கிற பொன்னேரி கூட்ரோட்டுக்கு வந்து நின்னோம். எதிர்ல ஏலகிரி. அண்ணாந்து பார்த்ததுமே தொண்டை வறண்டுபோச்சு!

நீங்களும் மலைக்கு சைக்கிள்ல கிளம்பணும்னா முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். போர்டுல போட்டிருக்கிற கிலோமீட்டரை நம்பாதீங்க. சமவெளியில 15 கி.மீ. போறதும் மலையில 15 கி.மீ. போறதும் ஒண்ணு கிடையாது. மலையில கேக்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு தூரம்?' இல்லை. 'எவ்வளவு உயரம்?' ஏலகிரி கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர். அடிவாரமே 400 மீட்டருக்குப் பக்கத்துல இருக்கு. ஆக, ஊர் வர்றதுக்குள்ள 600 மீட்டராவது ஏறியாகணும்.

இன்ஜினீயரிங் பசங்க பேப்பரும் பேனாவும் எடுங்க. நீங்க 60 கிலோ, சைக்கிள் 15, முதுகுப் பை 5. மொத்தம் 80 கிலோ. அதை 600 மீட்டர் மேல தூக்க ஆகுற எனர்ஜி சுமார் 470 கிலோ ஜூல். ரெண்டு மணி நேரத்துல ஏறினா, வினாடிக்கு 65 ஜூல். அட, ஒரு பழைய குண்டு பல்பு எரியுற பவர்! அதுக்கு மேல உருளுற சக்கரத்துக்கும் காத்துக்கும் கொஞ்சம் சேர்த்துக்கோங்க. கிரவுண்டுல ரெகுலரா விளையாடுற யாருக்கும் இது பெரிய விஷயமே இல்லை. அவசரப்பட்டு அதையே ஒரு மணி நேரத்துல முடிக்கணும்னு மிதிச்சாத்தான் நாக்கு தள்ளும்.

அப்புறம் கியர். தாத்தாவோட பெரிய சைக்கிள்ல முன் சக்கரப் பல் 44, பின்னாடி ஃப்ரீவீல் பல் 18னு வெச்சுக்கோங்க. ஒரு மிதிக்கு வண்டி 5 மீட்டருக்கு மேல போகும். மலை ரோட்டுல 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏத்தம் இருந்தா, ஒவ்வொரு மிதிக்கும் உங்களையும் சைக்கிளையும் சேர்த்து 38 சென்டிமீட்டர் தூக்குறீங்க. கிட்டத்தட்ட ரெண்டு மாடிப்படி. முன்னாடி 28, பின்னாடி 28னு சின்ன கியர் இருந்தா 15 சென்டிமீட்டர்தான்... ஒரு படி. ஹாஸ்டல் மாடிக்கு ரெண்டு ரெண்டு படியா தாவிப் போறதுக்கும் ஒவ்வொண்ணா ஏறுறதுக்கும் என்ன வித்தியாசமோ, அதேதான் இதுவும். கியர் மாத்துறதை வளைவு வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. செங்குத்துல நின்னு மிதிச்சுக்கிட்டே மாத்தினா செயின் கழண்டு, மானம் போகும்.

கியர் வெச்சு ஓட்டுறது கௌரவக் குறைச்சல்னு சொன்னவங்களும் உலகத்துல இருந்திருக்காங்க தெரியுமா? டூர் டி ஃபிரான்ஸ் 1910-லயே பிரனீஸ் மலை உச்சிகளுக்குப் போயிடுச்சு. ஆனா செயினைத் தாவ விட்டு மாத்துற கியரை 1937-லதான் அனுமதிச்சாங்க. அதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே, செயின்ட் எட்டியன் ஊர்க்காரரான பால் டி விவீங்கிற மனுஷர் பல கியர் சைக்கிளை எடுத்துக்கிட்டு மலை மலையா சுத்திக்கிட்டிருந்தார். 'வெலோசியோ'ங்கிற பேர்ல எழுதுவார். பசிக்கிறதுக்கு முன்னாடி சாப்பிடு, தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடி குடிங்கிறது அவரோட பிரபலமான அட்வைஸ். நாங்க அதைக் கேக்கலை. பாதி வழியில வாழைப்பழத்துக்கு ஏங்கினோம். (குரங்குகளும் ஏங்கிச்சு. பையை மூடி வைங்க!)

ஏலகிரிப் பாதையில 14 ஹேர்பின் வளைவு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தமிழ்ப் பேர்... திருவள்ளுவர், கம்பர், ஔவையார், பாரி, ஓரின்னு புலவர்களும் வள்ளல்களும் வரிசையா நிக்கிறாங்க. பாரி வளைவுல உக்காந்து மூச்சு வாங்கினப்போ, 'முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தாரே, எனக்கு ஒரு தேர் குடுக்கக் கூடாதா?'ன்னான் ரூம்மேட். நாலு இடத்துல இறங்கித் தள்ளினோம். தள்ளுறதுல வெக்கமே வேணாம் பாஸ். தள்ளிட்டுப் போனாலும் மலை மேலதான் போய்ச் சேருவீங்க.

மேல ஏரிக்கரையில டீ குடிச்சப்போ எங்களுக்கு எவரெஸ்ட்டைத் தொட்ட ஃபீலிங். 'கஷ்டமெல்லாம் முடிஞ்சுது, இனி மிதிக்கவே வேணாம், ஜாலி!'ன்னு சொல்லிக்கிட்டோம்.

அதுதான் தப்பு.

மேல ஏத்தின அதே 470 கிலோ ஜூல் எங்கேயும் போகலை. கீழே இறங்கும்போது அது மொத்தமும் வெளிய வந்தாகணும். கொஞ்சத்தைக் காத்து வாங்கிக்கும். மிச்சம் பூரா சூடா மாறி ரிம்முலயும் பிரேக் கட்டையிலயும்தான் இறங்கும். ஒன்றரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற அளவு எனர்ஜி அது. உங்க ரெண்டு விரல் சைஸ் ரப்பர் கட்டைங்கதான் அதைத் தாங்கணும். ரூம்மேட்டோட பின் பிரேக் கட்டை தேஞ்சு இரும்பு தெரிஞ்சுக்கிட்டிருந்தது. ரெண்டு பேருக்கும் தெரியும். 'ஊருக்குப் போய் மாத்திக்கலாம்'னு விட்டுட்டோம். முந்தின நாள் ஆம்பூர்ல பிரியாணிக்குக் குடுத்த காசுல பாதிகூட ஆகியிருக்காது.

அவன் முன்னாடி போனான். நான் பின்னாடி. நாலாவதோ அஞ்சாவதோ வளைவு. கீழேயிருந்து பஸ் ஒண்ணு வந்தது. ஹேர்பின்ல பஸ் திரும்ப மொத்த ரோடும் வேணும். மலைப்பாதையில ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குறவன் நிக்கணும்கிறது ரூல். நிக்கத்தான் பார்த்தான். பின் பிரேக் 'கிரீச்'சுன்னு சத்தம்தான் போட்டுச்சு. பயத்துல முன் பிரேக்கை மொத்தமா அமுக்கினான், அதுவும் திரும்பிக்கிட்டே. வளைவு ஓரத்துல மணல் வேற. முன் சக்கரம் வழுக்கி, தோள்பட்டை தரையில மோதி... பஸ் டிரைவர் அண்ணன் கரெக்டா நிறுத்தினதால அவன் இன்னிக்கும் எனக்கு ஃப்ரெண்டா இருக்கான். காரை எலும்பு முறிஞ்சு, ஆறு வாரம் கையைத் தொட்டில்ல போட்டுக்கிட்டுத் திரிஞ்சான். ப்ராக்டிகல் எக்ஸாமுக்கு ரெக்கார்ட் நோட்டு எழுதிக் குடுத்தது நான்தான். அவங்க அம்மாவுக்கு போன் பண்ணினதும் நான்தான். அந்த ரெண்டு நிமிஷ போன், ஏறின 600 மீட்டரைவிட பெருசு.

அதனால கேளுங்க. கிளம்புறதுக்கு முதல் நாளே ரெண்டு பிரேக்கையும் பாருங்க. கட்டையில கோடு அழிஞ்சிருந்தா மாத்துங்க. கேபிள் பிசிறு விட்டிருந்தா அதையும்தான். இறங்கும்போது வேகத்தை வளைவுக்கு முன்னாடி, வண்டி நேரா இருக்கிறப்பவே குறைச்சிடணும். வளைவுக்குள்ள போய் பிரேக்கைத் தேடாதீங்க. ரெண்டையும் சேர்த்து அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கி... இடையில ரிம் ஆறட்டும். தொடர்ந்து புடிச்சுக்கிட்டே வந்தா சூட்டுல ட்யூப் வெடிக்கிறதும் உண்டு. உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி உக்காருங்க. மழை பேஞ்சா ரிம் நனைஞ்சு, பிரேக் புடிக்கவே நேரமாகும். அப்போ இறங்கி நடக்கிறவன்தான் கில்லாடி. கை வலிச்சாலும் ஓரமா நிறுத்திடுங்க. போட்டோ எடுக்கிற மாதிரி சீன் போட்டுக்கலாம், யாருக்கும் தெரியாது!

முதல் மலைக்கே 70 ஹேர்பின் இருக்கிற கொல்லிமலைக்கு ஓடாதீங்க. ஏலகிரியை ஒரு ட்ரையல் மாதிரி வெச்சுக்கோங்க. நிஜமான டூர் வேணும்னா பக்கத்துலயே ஜவ்வாது மலை இருக்கு. வாணியம்பாடியில ஆரம்பிச்சு ஆலங்காயம், காவலூர் வழியா ஜமுனாமரத்தூர் போய்த் தங்கிட்டு, மறுநாள் போளூர் பக்கம் இறங்கலாம். சாமை வயலும் பலா மரமும் புளிய மரமுமா போகும் ரோடு. காவலூர்ல 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு டெலஸ்கோப்போட வெள்ளைக் கோபுரம் தெரியும். 1986-ல திறந்தது. வானம் நல்லா இருட்டா இருக்கணும்னுதான் அந்த இடத்தைத் தேடிப் புடிச்சாங்க. அந்த இருட்டு நட்சத்திரத்துக்கு நல்லது, சைக்கிளுக்கு இல்லை. ஆறு மணிக்குள்ள தங்குற இடத்துக்குப் போயிடுங்க. பல இடத்துல செல்போன் சிக்னலும் இருக்காதுங்கிறதால, எந்த வழியா வரோம்னு வீட்டுல சொல்லிட்டுக் கிளம்புங்க.

போன வாரம் ரூம்மேட் போன் பண்ணினான். ஜவ்வாது போலாமான்னு கேட்டான். அவன் தோள்ல இன்னும் ஒரு சின்ன மேடு இருக்கு. 'சைக்கிள் ரெடியாடா?'ன்னேன்.

'புது பிரேக் கட்டை ரெண்டு செட் வாங்கிட்டேன். ஒண்ணு உனக்கு'ன்னான்.