புள்ளியும் இரைச்சலும்

பழைய நூல்களை மின்னுருவாக்குவோர் கறையும் கீறலும் நீங்க இடைநிலை வடிகட்டியையே முதலில் நாடுகின்றனர். 3×3 சாளரத்தில் அடங்கும் 9 பிக்சல்களின் மதிப்புகளை வரிசைப்படுத்தி, ஐந்தாவதை மையத்தில் இடுவதே அதன் வேலை. ஒரு பிக்சல் அகலமுள்ள நேர்க்கீறல் சாளரத்தில் மூன்று இடங்களையே பிடிக்கும், ஆகவே மறைகிறது. குறைந்த தெளிவில் வருடிய தாளில் மெய்யெழுத்தின் புள்ளி 2×2 அளவே இருந்தால் அதற்கும் அதே கதிதான். ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். இந்தியில் ‘ஹை’ என்னும் ஒருமை வினையைப் பன்மையாக்குவதும் தலைமேல் நிற்கும் ஒரு புள்ளியே. வடிகட்டிக்கு இலக்கணம் தெரியாது. ஆய்வேடுகள் பெருமையுடன் காட்டும் குறிகை-இரைச்சல் விகிதத்துக்கும் தெரியாது. சேமிப்பிடம் கருதி மூல வருடலை அழித்து, தூய்மைப்படுத்திய படியை மட்டும் வைத்துக்கொள்வது சிக்கனமன்று. பொடிந்துகொண்டிருக்கும் தாள் மறுமுறை வருடுவதற்குக் காத்திராது.