108 தவணைகளும் ஒரு கனவு மகிழுந்தும்



அண்மையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் வட்டிக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பாடநூலில் இருந்த கணக்கை ஒதுக்கிவிட்டு, என் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அதிலிருந்த எண்களை வெண்பலகையில் எழுதினேன். ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு மகிழுந்து விற்பனை நிலையத்தில் எனக்கு எழுதிக் கொடுத்த தாள் அது. விலை 100,000 வெள்ளி. முன்பணம் 10,000. கடன் 90,000. வட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு. காலம் 9 ஆண்டுகள்.

மாணவர்கள் சில நிமிடங்களிலேயே கணக்கிட்டு முடித்தனர். வட்டி மட்டும் 24,300 வெள்ளி. 108 மாதங்களுக்கு மாதந்தோறும் ஏறக்குறைய 1,058 வெள்ளி. பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“டீச்சர், அந்த இருபத்து நாலாயிரத்து முந்நூறு வெள்ளிக்கு நமக்கு என்ன கிடைக்கும்?”

“ஒன்றும் கிடைக்காதம்மா. அது கடன் வாங்கியதற்கான கூலி.”

“அப்புறம் ஏன் டீச்சர் வாங்கணும்?”

மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாளில் கையெழுத்திட எனக்கு இன்னும் இரண்டே நாள்கள்தாம் இருந்தன.

அந்த மகிழுந்து என் நெடுநாள் கனவு. 1985ஆம் ஆண்டு பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது அன்றைய பிரதமர் மகாதீர் நாட்டின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகாவைத் தாமே ஓட்டிப் பாலத்தைக் கடந்தார். அந்தப் படத்தை நாளிதழில் காட்டி, “நாமும் ஒரு நாள் சொந்த வண்டியில் இப்படிப் போவோம்” என்றார் துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் தந்தையார். கடைசிவரை அவர் பேருந்தில்தான் பாலத்தைக் கடந்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளிலிருந்தே, ‘ஒரு நல்ல வண்டி வாங்க வேண்டும், அவர் சொன்னதை நிறைவேற்ற வேண்டும்’ என்ற எண்ணம் எனக்குள் இருந்து வந்தது. ஆகவே, ஆசையின் வலி அறியாதவள் எழுதும் அறிவுரை அன்று இது. ஆசைப்பட்டவள்தான் எழுதுகிறேன்.

இருப்பினும் கேட்கிறேன். பிள்ளைகளுக்கு விழுக்காடு கற்பிக்கும் நாம், விற்பனை நிலையத்தில் அமர்ந்ததும் ஏன் கணக்கை மறந்துவிடுகிறோம்? “மாதம் எவ்வளவு?” என்று கேட்கிறோமே தவிர, “மொத்தம் எவ்வளவு?” என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

3 விழுக்காடு என்பது காதுக்கு இனிமையான எண். ஆனால், இந்நாட்டில் மகிழுந்துக் கடனுக்கு நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்டு வந்த நிலையான வட்டி முறையில், தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் எல்லா ஆண்டுகளுக்கும் வட்டி போடப்படும். எட்டாம் ஆண்டில் கடனின் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். வட்டியோ 90,000 வெள்ளிக்கே கணக்கிடப்பட்டிருக்கும். குறைந்துவரும் கடன் நிலுவையை வைத்துப் பார்த்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்தரை விழுக்காடு. இதற்குமேல் காப்புறுதி, சாலை வரி, எண்ணெய், பழுதுபார்ப்பு எல்லாம் தனி.

இந்தக் கடனின் பெயரையாவது எண்ணிப் பார்த்தோமா? வாடகைக் கொள்முதல்! 1967ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கென்றே உள்ளது. கடைசித் தவணை கட்டும்வரை வண்டியின் உரிமையாளர் கடன் கொடுத்த நிறுவனம்; நாம் வாடகைக்கு எடுத்தவர். ஒன்பது ஆண்டுகள் இன்னொருவர் வண்டியைக் கழுவித் துடைத்து, அதை நம் பெருமை என்று ஊருக்குக் காட்டுகிறோம். அது முழுமையாக நமக்கு உரிமையாகும் நாளில் வண்டி கிழடு தட்டியிருக்கும்.

“டீச்சர், பினாங்கில் வண்டி இல்லாமல் முடியுமா?” என்று கேட்பீர்கள். முடியாதுதான். 2007 முதல் ரேப்பிட் பினாங்குப் பேருந்துகள் ஓடினாலும், பெருநிலத்தில் குடியிருந்து தீவில் பணிபுரியும் ஆசிரியருக்கு விடியற்காலையில் வண்டி தேவை. நான் வண்டியை எதிர்க்கவில்லை. கனவு வண்டியைத்தான் எதிர்க்கிறேன். தேவைக்கு ஓர் உள்நாட்டுச் சிறிய மகிழுந்து போதும். 34,000 வெள்ளிக் கடனுக்கு அதே வட்டியில், அதே ஒன்பது ஆண்டுகளில் மாதத்தவணை ஏறக்குறைய 400 வெள்ளிதான். கனவுக்கும் தேவைக்கும் உள்ள வேறுபாடு மாதம் ஏறக்குறைய 650 வெள்ளி.

அந்த 650 வெள்ளியை மாதந்தோறும் ஒன்பது ஆண்டுகள் சேமித்து, ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈவு கிடைப்பதாகக் கொண்டால் ஏறக்குறைய 88,000 வெள்ளி சேரும். இது மாயக் கணக்கன்று. ஊழியர் சேமநிதி வாரியம் 2022இல் 5.35, 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு ஈவு அறிவித்தது. இனி வரும் ஆண்டுகளில் கூடலாம், குறையலாம். ஆனால், வண்டியின் விலை ஒரு திசையில் மட்டுமே போகும்.

இளம் ஆசிரியர்களே, இது உங்களுக்கு இன்னும் முக்கியம். 2024 பிப்ரவரி முதல் புதிதாக நியமிக்கப்படும் அரசு ஊழியர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, சேமநிதிதான் என்று அரசு அறிவித்துவிட்டது. ‘முதுமையில் ஓய்வூதியம் வரும், இப்போது செலவழிப்போம்’ என்று எங்கள் தலைமுறை எண்ணியதைப்போல் நீங்கள் எண்ண இயலாது. முதல் சம்பளம் வந்த மறுவாரமே 108 தவணைக்குக் கையெழுத்திடும் வழக்கத்தை ஆசிரியர் அறையில் யாராவது நிறுத்தியாக வேண்டும்.

அடுத்து, எல்லாரும் மனத்தில் வைத்துக்கொண்டு வெளியில் சொல்லாத ஒன்று. “நாலு பேர் மதிக்க வேண்டாமா?” பழைய வண்டியில் போனால் திருமண மண்டபத்து வாசலிலும் கோயில் திருவிழாவிலும் மதிப்பு இல்லை என்கிறோம். தோட்டத்தில் கூலியாள் என்று பெயர் வாங்கிய இனம், யாரும் தன்னைக் குறைத்துப் பார்க்கக் கூடாது என்று துடிப்பது எனக்குப் புரிகிறது. என் தந்தையாரின் ஆசையிலும் அந்தத் துடிப்பு இருந்தது. ஆனால், அந்தக் கூலியாள்களே மதிப்பைத் தேடிய வழி வேறு என்பதை நாம் ஏன் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை?

1950களில் வெள்ளைக்காரக் குழுமங்கள் தங்கள் இரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றனர். தலைமுறைகளாக அங்கேயே பால் மரம் வெட்டிய நம்மவர் வேலையும் வீடும் இழந்து நின்றனர். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நூறு வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு உங்களுடையது என்று கேட்டார். கொடுத்தார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அந்தப் பணத்தில் வாங்கப்பட்டது. அதன் பின்னர் மேலும் பல தோட்டங்கள். நாள்கூலி வாங்கிய பாட்டியும் தாத்தாவும் தாங்கள் பால் வெட்டிய நிலத்துக்கே பங்குதாரர் ஆனார்கள். அவர்களிடம் இருந்த வாகனம் மிதிவண்டி. இதைவிட மதிப்பு வேறு என்ன வேண்டும்?

உடனே ஒருவர் எழுந்து, “மைக்காவை மறந்துவிட்டீர்களா?” என்று கேட்பார். மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. 1982இல் ம.இ.கா.வின் முயற்சியில் உருவான மைக்கா ஹோல்டிங்ஸில் பல்லாயிரம் இந்தியக் குடும்பங்கள் பணம் போட்டன. நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. திரண்ட தொகை பத்துக் கோடி வெள்ளிக்கும் மேல். கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருந்த பின்னர், 2010இல் ஒரு வெள்ளிப் பங்கை 80 காசுக்கு வாங்கிக்கொள்ளும் திட்டம்தான் அவர்கள் முன் வைக்கப்பட்டது. அந்தக் காயத்தால்தான், “முதலீடாவது ஒன்றாவது, பணத்தை அனுபவித்துவிட்டுப் போவோம்” என்ற பேச்சு இன்னும் நம் வீடுகளில் கேட்கிறது.

அந்தக் கோபம் நியாயமானது. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. மைக்கா நமக்குச் சொன்ன பாடம், ‘முதலீடு செய்யாதே’ என்பது அன்று. பணம் எங்கே போகிறது, யார் கணக்குப் பார்க்கிறார், வேண்டும்போது எப்படித் திரும்ப எடுப்பது என்று கேட்காமல், மேடைப் பேச்சை நம்பிப் போடாதே என்பதே அந்தப் பாடம். இன்று கைப்பேசியில் வரும் ‘மாதம் பத்து விழுக்காடு இலாபம்’ என்ற அழைப்புக்கும் அதே கேள்விகள் பொருந்தும். விற்பனை நிலையத்தில் நீட்டப்படும் தாளுக்கும் அவையே பொருந்தும். கேள்வி கேட்காமல் கையெழுத்திடுபவருக்கு வண்டியும் நட்டம், முதலீடும் நட்டம்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வண்டி வாங்க எண்ணினால், அந்தத் தாளை முதலில் உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். தொடக்கப்பள்ளிக் கணிதப் பாடத்திலேயே சேமிப்பும் வட்டியும் கடனும் உள்ளன. அவர்கள் சரியாகக் கணக்கிடுவார்கள். விடையைப் பார்த்த பின்னரும் வாங்கத் தோன்றினால் வாங்குங்கள். அது உங்கள் உழைப்பு, உங்கள் உரிமை. ஆனால், மாதம் ஆயிரம் வெள்ளி தவணை கட்டிவிட்டு, “மேற்படிப்புக்குக் கடன் எடுத்துக்கொள்” என்று அதே பிள்ளையிடம் பின்னாளில் சொல்லாதீர்கள். தாயும் தந்தையும் அனுபவித்த ஒன்பது ஆண்டுப் பெருமைக்குப் பிள்ளை ஏன் கல்விக் கடன் கட்ட வேண்டும்?

நான் அந்தத் தாளில் கையெழுத்திடவில்லை. ஒரு சிறிய உள்நாட்டு மகிழுந்துக்குத்தான் முன்பணம் கட்டினேன். மிச்சப்படும் 650 வெள்ளியில் ஒரு பகுதி என் பெயரில் சேமநிதிக்குத் தன்விருப்பச் சேமிப்பாகப் போகிறது. மறுபகுதி என் மகளின் கல்விச் சேமிப்புக்கு. வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவை முன்னிருக்கையில் அமர்த்திப் பாலத்தைக் கடந்தேன். “அப்பா சொன்ன மாதிரியே போயிட்டோம்மா” என்றேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “கடன் எவ்வளவு?”

சரியான கேள்வி. நாமும் கேட்கப் பழகுவோம்.