கூடி விளையாட நாலு பிள்ளைகள்

பிள்ளைக்கு ஓட்டிசம் என்று வைத்தியர் சொல்லிவிட்ட நாளிலிருந்தே பெற்றோரின் அலைச்சல் தொடங்கிவிடுகின்றது. முதலில் பேச்சுப் பயிற்சி, அடுத்து பாடசாலை அனுமதி. இவை இரண்டும் ஒருவாறு கைகூடிய பின்னரும் ஒரு தேவை எஞ்சி நிற்கும். அந்தப் பிள்ளையோடு கூடி விளையாட நாலு பிள்ளைகள் வேண்டும். மேலை நாடுகளில் இதற்கென்றே 'சமூகத் திறன் குழுக்கள்' இயங்குகின்றன. ஒரே வயதையொத்த சில பிள்ளைகளை வாரத்தில் ஓரிரு தடவை ஒன்றுகூட்டி, பேச்சைத் தொடங்குவது, முறை வரும்வரை காத்திருப்பது, தோற்றாலும் விளையாட்டை விட்டு ஓடாதிருப்பது போன்றவற்றைப் பழக்குகின்ற குழுக்கள் அவை.

அண்மையில் படுவான்கரையைச் சேர்ந்த ஒரு தாய் இது பற்றி என்னிடம் பேசினார். மகனுக்கு எட்டு வயது. களப்பில் போகும் தோணிகளைப் பார்த்தே எது யாருடையது என்று சொல்லிவிடக்கூடியவன். ஆனால் பாடசாலையில் இடைவேளை மணி அடித்தால் சுவரோரமாகப் போய் நின்றுகொள்வான். வெளிமாவட்டத்து நிலையம் ஒன்றுக்குச் சில மாதங்கள் அவனைக் கூட்டிச் சென்றிருக்கிறார். பயணச் செலவும் இரவுப் பயணமும் ஒருபுறமிருக்க, அங்கே அவனுக்குப் பழக்கியவற்றுள் முதன்மையானது எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது. பிள்ளையும் நன்றாகவே பழகிக்கொண்டான். ஊருக்கு வந்து, கோயில் வண்ணக்கர் ஏதோ கேட்டபோது அவருடைய கண்களை இமைக்காமல் பார்த்தபடி நின்றிருக்கிறான். மரியாதை தெரியாத பிள்ளை என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். "அண்ணன், இவனோட சேந்து விளையாட நாலு புள்ளையள் போதும். மத்ததெல்லாம் பிறகு வரட்டும்" என்றார் அந்தத் தாய்.

அவர் கேட்டது சரியான கேள்வி என்றே நான் கருதுகின்றேன்.

பழகும் முறை என்பது ஊருக்கு ஊர் வேறுபடுவது. பெரியவர் பேசும்போது பார்வையைச் சற்றுத் தாழ்த்துவது எங்கள் பக்கத்து மரியாதை. 'எங்க போறாய்?' என்று வீதியில் கேட்பவர் பயண விபரத்தை எதிர்பார்ப்பதில்லை. அது எங்களுடைய வணக்கம். ஆரையம்பதியில் ஒரு பிள்ளை பழக வேண்டிய முகமன் வேறு, பக்கத்திலேயே இருக்கும் காத்தான்குடியில் பழக வேண்டிய முகமன் வேறு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கைநூலை அப்படியே வைத்துக்கொண்டு நடத்தப்படும் வகுப்பு, எவ்வளவு நல்லெண்ணத்தோடு நடத்தப்பட்டாலும், இந்தப் பிள்ளைகளுக்கு இல்லாத ஊரொன்றின் பழக்கங்களைத்தான் கற்றுக்கொடுக்கும்.

இது ஏதோ நாலைந்து குடும்பங்களின் பிரச்சினை என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடைய சகாக்களும் இலங்கையின் அரைநகர்ப் பகுதி ஒன்றில் 18 முதல் 24 மாத வயதுடைய 374 குழந்தைகளைப் பரிசோதித்து, 2009இல் ஆய்வு முடிவை வெளியிட்டனர். அதன்படி 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் ஓட்டிசம் காணப்பட்டது. சிறிய ஆய்வுதான். அந்த விகிதத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும், 400 மாணவர் படிக்கும் பாடசாலையில் இரண்டு பிள்ளைகள் சுவரோரம் நிற்கிறார்கள் என்றாகின்றது.

சரி, இத்தகைய குழுக்களால் உண்மையில் பயனுண்டா? 2012இல் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட மீளாய்வொன்று, 196 பேர் பங்குகொண்ட ஐந்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பழகும் திறனும் நட்பின் தரமும் ஓரளவு மேம்படுகின்றன என்பது அதன் முடிவு. பயனுண்டு, ஆனால் அற்புதமில்லை. ஆகவே, குழுவில் சேர்த்தால் பிள்ளை 'மாறிவிடும்', 'குணமாகிவிடும்' என்று எவராவது பணம் கேட்டால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. ஓட்டிசம் மருந்து கொடுத்து மாற்றும் நோயன்று.

என்னை அதிகம் சிந்திக்கவைத்தது அதே 2012இல் வெளிவந்த வேறோர் ஆய்வு. அமெரிக்காவில் கொனி கசாரியும் அவருடைய குழுவினரும் சாதாரண பாடசாலைகளில் படித்த, ஓட்டிசம் உள்ள 60 பிள்ளைகளைக்கொண்டு இதனைச் செய்தனர். சில பிள்ளைகளுக்கு நேரடியாகப் பயிற்சி கொடுத்தார்கள். வேறு சிலருக்கோ, அவர்களுடைய வகுப்புத் தோழர் மூவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தனித்து நிற்கும் பிள்ளையை எப்படி விளையாட்டில் சேர்த்துக்கொள்வது என்பதே அந்தத் தோழர்களுக்கான பாடம். வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம், ஆறு வாரங்கள். அவ்வளவுதான். தோழர்களுக்குப் பயிற்சி கொடுத்த வகுப்புகளிலேயே அந்தப் பிள்ளைகள் நட்பு வட்டத்துக்குள் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. பழகுதல் இருவர் சம்பந்தப்பட்ட காரியம். ஓட்டிசம் உள்ள பிள்ளை மற்றவர்களைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவது போலவே, மற்றவர்களும் அந்தப் பிள்ளையைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகின்றார்கள். தாமே ஓட்டிசம் உள்ளவரான பிரித்தானிய அறிஞர் டேமியன் மில்டன் 2012இல் இக்கருத்தைத் தெளிவாக முன்வைத்தார். தடுமாற்றம் இருபக்கமும் இருக்கையில் பயிற்சி மட்டும் ஒருபக்கத்துக்கு என்பது எந்த வகையில் நியாயம்?

குழுவாகச் சேர்ந்து விளையாடிப் பிள்ளைகளைத் தேற்றுவது மட்டக்களப்புக்குப் புதிதுமன்று. போர்க்காலத்தில், 1996இல், கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் இங்கே 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா'வைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள். அவை ஓட்டிசத்துக்காக நடத்தப்பட்டவை அல்ல. போரால் காயப்பட்ட மனங்களுக்கானவை. ஆயினும் பேசு, சிரி என்று ஏவாமல் கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் பிள்ளைகள் தாமாகவே ஒருவரையொருவர் நெருங்குவார்கள் என்ற அந்த வழி இதற்கும் பொருந்தும். 2004இல் டானியல் லெகோஃப் என்ற உளவியலாளர் எழுதிய கட்டுரையும் இத்தகையதொரு வழியையே காட்டியது. லெகோ விளையாட்டுக் கட்டைகளைக்கொண்டு பிள்ளைகளைச் சேர்ந்து கட்டவைத்தார் அவர். ஒருவர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்வார், ஒருவர் துண்டுகளைத் தேடிக் கொடுப்பார், ஒருவர் பொருத்துவார். மூவரும் பேசாமல் வேலை நடக்காது. எங்களிடம் லெகோ இல்லாவிட்டால் ஓலை இருக்கின்றது, களிமண் இருக்கின்றது, கூத்தின் தாளக்கட்டு இருக்கின்றது.

ஆகவே குழு தேடும் பெற்றோருக்கு என்னுடைய ஆலோசனை இதுதான். பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். சில கேள்விகளைக் கேளுங்கள். ஒரு குழுவில் எத்தனை பிள்ளைகள்? உங்கள் பிள்ளை வீட்டில் பேசும் தமிழில் நடக்கின்றதா? இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்தினால் கையைப் பிடித்து இறக்குவார்களா, அமைதியான மூலைக்குப் போக விடுவார்களா? பிள்ளைக்கு விருப்பமான விடயத்துக்கு அங்கே இடமுண்டா? நீங்கள் கூட இருந்து பார்க்கலாமா? இவற்றுக்கெல்லாம் பிறகு, அடுத்த கிழமை போகும் நாள் வரும்போது பிள்ளை செருப்பைத் தேடுகின்றதா, கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கின்றதா என்று கவனியுங்கள். அதைவிடச் சிறந்த சான்றிதழ் கிடையாது.

உலகம் இந்தப் பிள்ளைகளுக்காக மாறப்போவதில்லை, அவர்கள்தான் உலகத்துக்கேற்பப் பழக வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. பஸ்ஸில் ஏறவும், கடையில் மிச்சக்காசு கேட்டு வாங்கவும், கூடாத தொடுகைக்கு 'வேண்டாம்' என்று சொல்லவும் பிள்ளை கற்றேயாக வேண்டும். ஆனால் ஒரு வகுப்பறை உலகமளவு பெரியதன்று. அதை மாற்றலாம். நெரிசலான வகுப்புகளில் ஆசிரியருக்கு ஏற்கனவே சுமை கூடுதல் என்பதையும் மறுக்கவில்லை. அதனால்தான் வாரத்துக்கு நாற்பது நிமிடம் என்ற கணக்கை வலியுறுத்துகின்றேன்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. வலயத்துக்கு ஒரு பாடசாலையைத் தெரிவுசெய்து, ஓர் ஆசிரியருக்குப் பயிற்சியளித்து, மூன்று தோழர்களைக்கொண்டு ஆறு வாரங்கள் செய்து பார்க்கலாம். புதிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே இயற்றப்பட்டுவிட்டது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பாடசாலை வாசலைத் திறந்துவிடச் சட்டத்தால் முடியும். இடைவேளையில் 'நீயும் வா' என்று கூப்பிடுவதற்கு இன்னொரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது வளர்ந்தவர்களாகிய எங்களுடைய வேலை.