கடவுச்சீட்டு பாடம் நடத்துமா?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்தான் அதை நன்றாகக் கற்பிப்பார் என்பது உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கும் நம்பிக்கை. கிழக்காசியப் பயிற்சி மையங்கள் முதல் வளைகுடாப் பள்ளிகள்வரை அதைக் கேள்வி கேட்பவர் குறைவு. வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியராக முதல் வேலை தேடும் இளைஞர், விளம்பரத்தில் முதலில் முட்டிக்கொள்வது ‘நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்’ என்ற வரியில்தான். கற்பிக்கப் பயிற்சி பெற்றவரா, வகுப்பறையில் நின்றவரா என்ற கேள்விகள் பிறகுதான் வரும். பல இடங்களில் வருவதே இல்லை.

தென்கொரியாவைப் பார்ப்போம். ‘ஹாக்வான்’ எனப்படும் தனியார் பயிற்சி மையங்களில் ஆங்கிலம் கற்பிக்க வரும் வெளிநாட்டவருக்கு வழக்கமாகத் தரப்படுவது இ-2 விசா. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே அது உரியது. பட்டம் எந்தப் பாடத்தில் என்றாலும் சரி. கடல் உயிரியல் படித்துவிட்டு ஒருநாள்கூடக் கரும்பலகை முன் நிற்காத கனடாக்காரர் விமானம் ஏறிவிடலாம். ஆங்கில இலக்கியம் படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்திய நைரோபி ஆசிரியையின் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சரி, தாய்மொழிதான் அளவுகோல் என்றே வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சிங்கப்பூரின் 2020 கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 சதவீதம். முன்னது பட்டியலில் இருக்கிறது, பின்னது இல்லை. தென்னாப்பிரிக்கர்கள் ஆங்கில வழியில் படித்ததற்குப் பள்ளியிலிருந்து கடிதம் வாங்கி வந்தால் போதும். நியாயமான ஏற்பாடுதான். அதே கடிதத்தைச் சிங்கப்பூர்த் தமிழரோ கென்யரோ நீட்டினால் மட்டும் ஏன் செல்லாது?

தென்கொரியா இந்தியாவுடன் செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, இந்தியர்கள் கொரியப் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியர்களாகச் சேர ஒரு சன்னல் திறந்தது. ஆனால் ஹாக்வான் வேலைக்கு ஏழு நாட்டவரிடம் கேட்காத ஆசிரியர் உரிமம் இந்தியரிடம் கேட்கப்படுகிறது. அதாவது, கற்பிக்கும் தகுதி முக்கியம் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. யாரிடம் அதைக் கேட்பது என்பதில்தான் பாரபட்சம்.

தாய்மொழியாகப் பேசுபவரே சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கைக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1961இல் உகாண்டாவின் மக்கெரெரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு நடந்தது. குடியேற்ற ஆட்சி முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும், தாய்மொழியாகக் கொண்டவரே இலட்சிய ஆசிரியர் என்பன போன்ற கருத்துகள் அங்கே வலுப்பெற்றன. மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992இல் வெளியிட்ட ‘லிங்குயிஸ்டிக் இம்பீரியலிசம்’ நூலில் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஆதாரமற்ற பிழைநம்பிக்கைகள் என்று சாடினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் விளம்பரங்கள் மாறவில்லை.

வகுப்பறையில் நடப்பதைக் கவனித்தால் பிலிப்சன் சொன்னது புரியும். கொரிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும், தமிழில் போலவே, ‘ஏ’, ‘தி’ போன்ற ஆர்ட்டிகிள்கள் கிடையாது. ஒரு மாணவி ‘தி’யை இடம் மாற்றிப் போட்டால், அது தவறு என்று டெக்சாஸ் இளைஞருக்கு உடனே காதில் உறுத்தும். ஏன் தவறு என்று கேட்டால், பயிற்சி இல்லாதவர் “அப்படித்தான் சொல்வோம்” என்பதோடு நின்றுவிடுவார். அதே சிக்கலில் தானும் விழுந்து எழுந்த மதுரை ஆசிரியைக்கு, பிழை எங்கிருந்து முளைக்கிறது என்று தெரியும். ஹங்கேரியின் பீட்டர் மெட்ஜெஷ் தொண்ணூறுகளிலேயே வாதிட்டதும் இதைத்தான்: வேற்றுமொழிக்காரராகப் படித்து வந்த ஆசிரியர், மாணவருக்கு எது கடினம் என்பதை முன்கூட்டியே அறிவார்.

உச்சரிப்புக்காகத்தான் என்பார்கள் சிலர். எந்த உச்சரிப்பு? கிளாஸ்கோக்காரர் பேசுவதும் டெக்சாஸ்காரர் பேசுவதும் டர்பன்காரர் பேசுவதும் ஒன்றல்ல. ஏழு நாட்டுப் பட்டியல் இவை அனைத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கிறது. இன்னொரு பக்கம், பிலிப்பைன்சின் செபு, பாகியோ நகரங்களுக்குக் கொரிய மாணவர்களும் ஜப்பானிய மாணவர்களும் ஆங்கிலம் படிக்கவே போகிறார்கள். பிலிப்பினோ ஆசிரியையிடம் அங்கே போய்க் கற்கலாமாம். அவர் பிலிப்பைன்ஸ் கடவுச்சீட்டுடன் இ-2 விசா கேட்டு சியோலுக்கு வந்தால் மட்டும் உச்சரிப்பு கெட்டுவிடுமாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். இத்துறையின் முதன்மையான ஆய்விதழ்களில் ஒன்றான ‘டெசோல் குவார்ட்டர்லி’க்கு 2005 முதல் 2009 வரை ஆசிரியராக இருந்தார். ஆங்கிலம் கற்பிப்பது குறித்த ஆய்வுகளில் எது அச்சேற வேண்டும் என்று முடிவுசெய்த அந்தத் தமிழர், இலங்கைக் கடவுச்சீட்டை மட்டும் காட்டி ஹாக்வானில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க இ-2 விசா கேட்டிருந்தால், நாட்டுப் பட்டியல் அவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.

பெற்றோர் வெள்ளை முகத்தைத்தான் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்று கையை விரிக்கிறார்கள் மைய உரிமையாளர்கள். அந்த முகத்தைத் துண்டறிக்கையில் அச்சிட்டு அந்த ஆசையை வளர்ப்பவர்களும் அவர்களேதான். ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேச அமைப்பான டெசோல், தாய்மொழியை வைத்து ஆசிரியரைத் தள்ளிவைப்பதை எதிர்த்து 2006இலேயே நிலைப்பாடு எடுத்துவிட்டது. வாடிக்கையாளரின் தப்பெண்ணத்தைக் காட்டித் தப்பிக்கும் வழியைத் தொழிலின் சொந்த அமைப்பே அடைத்துவிட்டது.

மேலும், இந்த ஏற்பாடு முதல் வேலைக்கு வரும் நேட்டிவ் ஸ்பீக்கருக்கும் நல்லது செய்வதில்லை. பேசத் தெரிந்தால் போதும் என்று அழைத்துவந்து, எட்டு வயதுக் குழந்தைகள் நிறைந்த அறையில் திங்கட்கிழமை காலை நிறுத்திவிட்டால் அவரும்தான் திணறுவார். கேம்பிரிட்ஜின் ‘செல்டா’ என்ற ஆங்கில ஆசிரியர் சான்றிதழுக்கே குறைந்தது 120 மணிநேரப் பயிற்சி வேண்டும். அதில் மேற்பார்வையாளர் முன்னிலையில் 6 மணிநேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்தியாக வேண்டும். அந்தப் படிப்பு யாருடைய தாய்மொழியையும் கேட்பதில்லை. ஆங்கிலத் தேர்ச்சியைத்தான் பார்க்கிறது.

வேலை தருபவர்களும் அதையே பார்க்கலாம்: மொழித்தேர்வு மதிப்பெண், பயிற்சிச் சான்று, இருபது நிமிட மாதிரி வகுப்பு. விசா அதிகாரிகளுக்கோ வேலை இன்னும் எளிது. தென்னாப்பிரிக்கரிடம் வாங்கும் பள்ளிக் கடிதத்தை எல்லா நாட்டவரிடமும் வாங்கத் தொடங்கினால், ஏழு பெயர் கொண்ட பட்டியலுக்கு அவசியமே இருக்காது.